பழைய காருக்கு எந்த நம்பர் பிளேட்? நம்ம பக்கம் அடிக்கடி நடக்கும் தவறுகள்

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் தோட்டத்துச் சாளைகளிலும் பழைய மில் ஷெட்டுகளிலும் தார்ப்பாய் போர்த்தி நிற்கிற கார்கள் இன்னும் நிறைய உண்டு. அப்பாரு ஓட்டிய அம்பாசடர், கல்யாணத்துக்கு வாங்கிய ஃபியட், எங்கிருந்தோ வந்த மோரிஸ் மைனர், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அவிநாசி ரோட்டில் இருக்கும் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் மியூசியத்தைப் பார்த்துவிட்டு வந்து நம்ம வண்டியையும் எழுப்பிவிடலாம் என்று இறங்குகிறவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். ரொம்ப நல்ல விஷயம். ஆனால் டிங்கரிங், பெயின்டிங், க்ரோம் எல்லாவற்றுக்கும் லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு நம்பர் பிளேட் விஷயத்தைக் கடைசி நாளில் ஸ்டிக்கர் கடைக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. எந்த பிளேட் என்பதை ஆர்சி புக்கும், வண்டியை நீங்கள் எப்படி ஓட்டப் போகிறீர்கள் என்பதும்தான் முடிவு செய்ய வேண்டும். அழகெல்லாம் அதற்கு அப்புறம்.

அதனால் பெயின்ட் கடைக்குப் போகும் முன்னாடியே ஆர்சியை எடுத்துப் பாருங்கள். பாதி வண்டிகளில் அது இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கும். அவர் காலமாகி இருபது வருடம் ஆகியிருக்கும், வண்டி மட்டும் அவர் பெயரிலேயே நிற்கும். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் தகவல் சொல்லி, 3 மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். காலம் கடந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், தாமதத்துக்கு உண்டானதைக் கட்டி மாற்றிக்கொள்ளலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். அத்தை, சித்தப்பா எல்லோரிடமும் வண்டி துருப்பிடித்துக் கிடக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பளபளவென்று வந்து நின்ற பிறகு கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும்.

ஆர்சி கையில் இருக்கிறது, பெயரும் சரி, அதோடு முடிந்தது என்று நினைப்பதும் தவறுதான். பழைய கையெழுத்து ஆர்சி வண்டிகள் பல, வண்டிப் பதிவுகளுக்கான அரசின் பரிவாகன் இணையதளத்தில் ஏறியே இருக்காது. நம்பரைப் போட்டால் தகவல் இல்லை என்று வரும். அப்படி வந்தால் எந்த ஆர்டிஓ ஆபீஸில் பதிவோ அங்கே போய், பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டு, பழைய பதிவை இணையதளத்தில் ஏற்றும் பேக்லாக் என்ட்ரி போடச் சொல்லிக் கேளுங்கள். அது ஏறாமல் எஃப்சி (வண்டி ஓட்டத் தகுதியானது என்ற சான்று) எடுப்பது, பெயர் மாற்றுவது எதுவும் நகராது. அப்போதே சேசிஸ் நம்பர் மேல் தாள் வைத்து பென்சிலால் தேய்த்து பிரின்ட் எடுத்து ஆர்சியோடு ஒரு எழுத்து விடாமல் ஒப்பிட்டுப் பாருங்கள். முக்கியமாக, டிங்கரிங் கடைக்கு வண்டி போகும் முன்னால் இதைச் செய்யுங்கள். சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தின் மேல் கிரைண்டர் ஓடிவிட்டாலோ, பட்டி பூசி மூடிவிட்டாலோ, அந்த வண்டி இதுதான் என்று நிரூபிக்க நீங்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமாக இருக்காது. இன்ஜின் நம்பரும் அப்படித்தான். பெட்ரோல் அம்பாசடரில் டீசல் இன்ஜினை இறக்கி ஓட்டியது நம்ம பக்கம் சர்வ சாதாரணம். அது ஆர்சியில் ஏற்றப்படவில்லை என்றால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும்.

இப்போது எல்லோரும் கேட்கிற விஏ நம்பருக்கு, அதாவது விண்டேஜ் பதிவுக்கு வருவோம். 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. புதிதாகப் பதியும் வண்டிக்கு மாநிலக் குறியீடு, அடுத்து விஏ, அடுத்து இரண்டு எழுத்து வரிசை, கடைசியில் 0001 முதல் 9999 வரை ஒரு எண் என்று அந்த நம்பர் வரும். முதல்முறை பதிய 20,000 ரூபாய், செல்லுபடி 10 வருடம், அப்புறம் மறுபதிவுக்கு 5,000. விண்ணப்பம் படிவம் 20-இல், கூடவே இன்சூரன்ஸ் பாலிசி, பழைய ஆர்சி, இறக்குமதி வண்டியென்றால் அதற்கான சுங்க ஆவணம். இதைக் கேட்டதும் பலர் ஓடிப்போய் விண்ணப்பிக்கத் தயாராகிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள்.

முதல் விஷயம், 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், அதுவும் முதல் பதிவு நடந்த தேதியிலிருந்து. "பழசா இருக்குதுங்களே" என்றால் போதாது. 1984 பத்மினி எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த விதியில் அது விண்டேஜ் கிடையாது. தயாரித்த வருடம் 1973, ஷோரூமில் கிடந்து 1975-இல் பதிவானது என்றால் கணக்கு 1975-இலிருந்துதான். இரண்டாவது, வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது, அதைப் பார்த்து முடிவு செய்ய மாநிலம் அமைக்கும் கமிட்டி உண்டு. மேலே சொன்ன டீசல் இன்ஜின் அம்பாசடர் இந்த இடத்தில் அடிபட்டுப் போகும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம், இதைத்தான் யாரும் படிப்பதில்லை. விஏ பதிவு (விண்டேஜ் பதிவு) வண்டியை சாதாரணமாக ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் கார் ராலி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இவற்றுக்குப் போய் வருவது, அவ்வளவுதான். வாடகைக்கு விடவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மருதமலை போய்விட்டு வரலாம், ஒரம்பரை வீட்டு விசேஷத்துக்கு எடுத்துக்கொண்டு போகலாம், கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குக் கொடுக்கலாம் என்று கனவு வைத்திருந்தால் விஏ உங்களுக்கானது இல்லை. நீங்கள் சாதாரணப் பதிவையே தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டு போங்கள். சொந்த உபயோகத்துக்கு அது போதும். வாடகைக்கு என்றால் சொந்த வண்டிப் பதிவிலும் விட முடியாது, அதற்கு மஞ்சள் பிளேட்டும் பர்மிட்டும் வேண்டும்.

இதில் செலவுக் கணக்கும் ஒன்று இருக்கிறது. சாதாரணப் பதிவு 15 வருடம், அதற்கப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை படிவம் 25-இல் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் இந்தக் கட்டணத்தை உயர்த்திவிட்டார்கள். 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000 ரூபாய், இறக்குமதி காருக்கு 80,000 ரூபாய், பசுமை வரி தனி. ஆகவே வெளிநாட்டு வண்டி வைத்திருந்து, வருடத்தில் ராலிக்கும் கண்காட்சிக்கும் மட்டும் எடுக்கிறவருக்கு விஏ பெரிய லாபம். அதே நேரம், அந்த லாபத்துக்காக விஏ வாங்கிவிட்டு தினமும் ஆர்.எஸ். புரத்தில் காய் வாங்கப் போவது தவறு. மாட்டினால் பதிவுக்கே ஆபத்து. மற்றவர்களுக்கும் இந்தச் சலுகை கெட்டுப்போகும்.

இன்னொரு பெரிய தவறான எண்ணம்: விண்டேஜ் பதிவுக்குப் போனால் பழைய நம்பர் போய்விடும் என்பது. போகாது. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம் என்று விதியே சொல்கிறது. விஏ வரிசை நம்பர் புதிதாகப் பதியும் வண்டிக்குத்தான். 1989-க்கு முந்தின மூன்றெழுத்து நம்பர் உங்களிடம் இருந்தால் அதை யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். மூன்றெழுத்து செல்லாது, டிஎன் 37, டிஎன் 33 என்று புது நம்பர் வாங்கியே ஆக வேண்டும் என்று சொல்லும் புரோக்கர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. பொள்ளாச்சியில் பதிவான வண்டி ஈரோட்டுக்காரர் கைக்கு வந்தாலும் நம்பர் மாறாது. தமிழ்நாட்டுக்குள் பெயரும் முகவரியும்தான் மாறும், நம்பர் வண்டியோடு ஒட்டிக்கொண்டே வரும்.

மாநிலம் தாண்டினால் கதை வேறு. வாளையாறுக்கு அந்தப் பக்கம் பாலக்காட்டிலும், மேலே மைசூர் பக்கமும் நல்ல வண்டிகள் விலைக்கு வருவது உண்மைதான், நம்ம ஆட்கள் போய்ப் பார்க்கிறார்கள். அந்த வண்டியின் பழைய கேரள நம்பரைப் பார்த்து ஆசைப்பட்டுக் கூடுதலாகப் பணம் கொடுத்துவிடுகிறார்கள். வண்டி இங்கேயே 12 மாதத்துக்கு மேல் இருந்தால் இந்த மாநில நம்பர் வாங்க வேண்டும், அங்கிருந்து படிவம் 28-இல் என்ஓசி (தடையில்லாச் சான்று), இங்கே படிவம் 27, மேலே இங்கத்தி வரி. அந்த அழகான பழைய நம்பர் உங்களிடம் நிற்காது. நம்பருக்காகத்தான் வாங்குகிறேன் என்றால் தமிழ்நாட்டுப் பதிவு வண்டியாகத் தேடுங்கள், வண்டிக்காக வாங்குகிறேன் என்றால் நம்பருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

சரி, நம்பர் முடிவாகிவிட்டது. பிளேட் எப்படி எழுதுவது? இங்கே எல்லோருக்கும் ஆசை கறுப்பு பிளேட்டில் வெள்ளை எழுத்து. ஒரு காலத்தில் சொந்த வண்டிகள் அப்படித்தான் ஓடின, பழைய கலர் படங்களில் பார்த்தால் மனசு அப்படியே போய்விடும், எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் இன்றைக்கு ரோட்டில் ஓடும் சொந்த வண்டிக்கு வெள்ளையில் கறுப்பு எழுத்துதான். கறுப்பில் மஞ்சள் எழுத்து செல்ஃப் டிரைவ் வாடகை வண்டிக்கு. ரோட்டில் கறுப்பு பிளேட்டோடு போய் நிறுத்தப்பட்டால் விண்டேஜ் என்று வாதாடிப் பயன் இல்லை. கறுப்பு பிளேட் ஒன்று தனியாகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள், கண்காட்சி மைதானத்தில் வண்டியை நிறுத்திய பிறகு மாட்டுங்கள், கிளம்பும் முன் கழற்றிவிடுங்கள்.

அந்தக் கறுப்பு பிளேட்டைப் புதிதாகச் செய்யும் முன் உங்கள் பழைய பிளேட்டின் பின்பக்கத்தையும் ஓரத்தையும் பாருங்கள். 2000-க்கு அப்புறம் நிறம் மாறியபோது பலர் புது பிளேட் போடவில்லை, இருந்த தகட்டின் மேலேயே வெள்ளை அடித்து எழுதிவிட்டார்கள். ஸ்குரு ஓட்டையைச் சுற்றி பெயின்ட் உரிந்த இடத்தில் கறுப்பு தெரிந்தால் அடியில் பழைய எழுத்து இருக்க வாய்ப்பு உண்டு. நைசான வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டு, தண்ணீர் விட்டு விட்டு, பொறுமையாகத் தேய்த்தால் அன்றைக்கு போர்டு எழுதுகிறவர் பிரஷ்ஷில் இழுத்த வெள்ளை எழுத்து, அதன் வளைவும் நிழல் கோடும் சேர்ந்து மெதுவாக வெளியே வரும். பெயின்ட் ரிமூவர் ஊற்றினால் இரண்டு அடுக்கும் சேர்ந்தே போய்விடும். சாண்ட் பிளாஸ்டிங்குக்கு பம்பரோடு சேர்த்து பிளேட்டையும் அனுப்பிவிடாதீர்கள். புதுசு செய்ய எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் அந்த எழுத்து திரும்பக் கிடைக்காது.

ரோட்டுக்கான வெள்ளை பிளேட்டில் அளவு முக்கியம். காருக்கு இரண்டு அளவு: 500-க்கு 120 மில்லிமீட்டர், அல்லது 340-க்கு 200. கடைக்காரர் கேட்காமலேயே இப்போதைய கார்களுக்குப் போடும் நீளமானதைக் கொடுத்துவிடுவார். அம்பாசடர், ஃபியட் டிக்கியில் பிளேட் உட்காரும் இடம் கட்டையானது, அங்கே நீளத் தகட்டைத் திணிக்க டிக்கியில் புது ஓட்டை போடுகிறார்கள், அதிலிருந்துதான் துரு பிடிக்கும். முதலில் அளந்து பாருங்கள், பழைய ஓட்டைகளையே பயன்படுத்துங்கள், தகட்டுக்கும் பாடிக்கும் நடுவில் ரப்பர் வாஷர் வையுங்கள். எழுத்து 65 மில்லிமீட்டர் உயரம், 10 தடிமன், 10 இடைவெளி, ஆங்கில எழுத்தும் 1, 2, 3 எண்களும்தான். சாய்வெழுத்து, சாமி பெயர், குலப் பெயர், பிரிட்டிஷ் கார் மாதிரி வெள்ளி எழுத்து எதுவும் வேண்டாம். ஓரத்தில் ஐஎன்டி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் அது ஹை செக்யூரிட்டி பிளேட் ஆகாது. அசலில் ஹோலோகிராமும் லேசரில் பொறித்த எண்ணும் கழற்ற முடியாத பூட்டும் இருக்கும். ஒட்டிய ஸ்டிக்கர் போலி என்றுதான் கணக்கு.

பின் பிளேட்டுக்கு மேலே இருக்கும் குட்டி லைட்டையும் மறந்துவிடாதீர்கள். இரவில் 15 மீட்டர் தூரத்திலிருந்து நம்பர் படிக்கிற மாதிரி வெள்ளை வெளிச்சம் வேண்டும். பழைய க்ரோம் கூட்டுக்குள் கண்ணாடி மஞ்சளாகி, எர்த் வயர் துருப்பிடித்துத்தான் பெரும்பாலும் எரியாமல் இருக்கும். வயரைச் சுரண்டி, கண்ணாடியைக் கழுவி, பல்பு மாற்றினால் எரிந்துவிடும். எஃப்சிக்குப் போவதற்கு முந்தின நாளே பார்த்து வைத்துவிடுங்கள்.