மல்டிபீம் கேலிபரேஷன்: ரோலைத் திருகி ஓரத்தைச் சரிசெய்யாதீர்கள்

கடலூர் ஓ.டி. துறைமுகத்திலிருந்து கிளம்பும் ஆய்வுப் படகுகளில் ஒவ்வொரு சீசனும் புதிதாகச் சில பிள்ளைகள் ஏறுகிறார்கள். ஒலிக்கதிர்களை விசிறிபோல் விரித்து அனுப்பிக் கடலடித் தரையை அளக்கும் மல்டிபீம் சோனாரைப் பற்றி நன்றாகவே படித்துவிட்டு வருகிறார்கள். ஆனால் எங்கள் செட்டில் நடந்த அதே தப்புகள் அப்படியே திரும்ப நடக்கின்றன. கேபிள் மாட்டவில்லை, டிஸ்க் நிறைந்துவிட்டது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை அன்றைக்கே தெரிந்துவிடும். ரிப்போர்ட் போன பிறகு தலையைத் தூக்கும் தப்புகளைத்தான் சொல்லப்போகிறேன்.

லீவர் ஆர்மில் பிளஸ், மைனஸ்

ஜி.பி.எஸ். ஆன்டெனா, படகின் ஆட்டத்தை அளக்கும் மோஷன் சென்சார், சோனார் தலை இவற்றுக்கு இடையிலான தூரம்தான் லீவர் ஆர்ம். அதை டேப் பிடித்து மில்லிமீட்டர் சுத்தமாக அளந்துவிட்டு, குறியில் கோட்டை விடுகிறார்கள். ஒரு மென்பொருளுக்குக் கீழ்நோக்கிப் போனால் பிளஸ், இன்னொன்றுக்கு மேல்நோக்கிப் போனால் பிளஸ். சோனார் தலை நீர்மட்டத்துக்கு 1.2 மீட்டர் கீழே இருக்கிறது என்றால், குறி மாறினதும் ஆழத்தில் 2.4 மீட்டர் பிழை. அது பெரியது, கண்ணில் படும். வலது இடது மாறினால் அவ்வளவு சுலபமாகப் படாது. ஒரு தாளில் படகைப் படம் போட்டு, அம்புக்குறி வரைந்து, ஒவ்வொரு எண்ணையும் அதில் எழுதிய பிறகே மென்பொருளில் ஏற்றுங்கள். அந்தத் தாளைக் கேபினில் ஒட்டியும் வையுங்கள்.

டிராஃப்ட்

படகு நீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பதை டீசலும் தண்ணீரும் ஏற்றிய பிறகு மறுபடி பாருங்கள்.

எல்லா டெஸ்டையும் ஒரே இடத்தில் முடிப்பது

சோனார் மாட்டியதில் உள்ள கோணப் பிழைகளையும் நேரப் பிழையையும் கண்டுபிடிக்க ஓடும் சோதனைக் கோடுகள்தான் பேட்ச் டெஸ்ட். அதில் நாம் தேடுவது நான்கு விஷயம்: நேரத் தாமதம், பிட்ச் (முன்பின் சாய்வு), ரோல் (பக்கவாட்டுச் சாய்வு), ஹெடிங் (திசைக் கோணம்). ஒவ்வொன்றுக்கும் வேறு தரை வேண்டும். நேரத் தாமதத்துக்குச் சரிவான தரையில் ஒரே கோட்டை, ஒரே திசையில், இரண்டு வேகத்தில் ஓட வேண்டும். பிட்சுக்கு அதே சரிவில் ஒரே வேகத்தில் போய்த் திரும்பி வர வேண்டும். 20 மீட்டர் ஆழத்தில் 1 டிகிரி பிட்ச் பிழை இருந்தால், போகும்போது பார்த்த மேடும் வரும்போது பார்த்த மேடும் 70 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். ரோலுக்குச் சமதரை. ஹெடிங்குக்கு ஒரு மேட்டின் இருபுறமும் இணையான இரண்டு கோடுகளை ஒரே திசையில் ஓட்டி, மேடு ஓரக் கதிர்களில் விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கம் கரையோரச் சேற்றுத் தரை ரோலுக்கு அருமையானது. பிட்சுக்கு அது உதவாது. தூர்வாரிய கால்வாயின் விளிம்பையோ ஒரு பாரையோ (கடலடிப் பாறைத் திட்டு) தேடிப் போக வேண்டும். பார் எங்கே இருக்கிறது, எத்தனை பாகம் (இரு கையும் விரித்த நீளம்) ஆழம் என்று மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ரோலைத் திருகி ஓரத்தைச் சரிசெய்வது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஒரு டிசம்பர். மழை விட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. தேவனாம்பட்டினத்துக்கு வெளியே கடலடிக் குழாய்ப் பாதைக்கான அளவீடு. ஒரு சிறிய படகு, பக்கவாட்டுக் கம்பத்தில் மாட்டிய சோனார். காலையில் முகத்துவாரத்தை ஒட்டி எஸ்.வி.பி. (நீரில் ஒலிவேகம் ஆழத்துக்கு ஆழம் எப்படி மாறுகிறது என்று அளக்கும் கருவி) இறக்கி ஒலிவேகத்தை எடுத்தார்கள். மேலிருந்து கீழ்வரை அநேகமாக ஒரே எண். அதையே வைத்துக்கொண்டு 25 மீட்டர் ஆழத்துக்குப் போய்க் கோடு ஓட ஆரம்பித்தார்கள்.

போகிற வழியில் படகு டிரைவர் அண்ணன் கையை நீட்டிக் காட்டினார். செம்மண் நிறத் தண்ணீர் முடிந்து பச்சைத் தண்ணீர் தொடங்கும் இடத்தில் நுரையும் ஆகாயத்தாமரையும் ஒரே வரிசையாக மிதந்துகொண்டிருந்தன. "தண்ணி மாறிப்போச்சு தம்பி" என்றார். சோனார் முன்னால் உட்கார்ந்திருந்த பையன் தலையை ஆட்டிவிட்டுத் திரையைப் பார்க்கத் திரும்பிவிட்டான்.

திரையில் சமதரை கூரை மாதிரி வந்தது. நடு உயர்ந்து, இரண்டு ஓரமும் தாழ்ந்திருந்தன. அவன் வலது ஓரத்தை மட்டும் வெட்டிப் பார்த்தான். பக்கத்துக் கோட்டின் நடுப்பகுதியைவிட அது தாழ்வாக இருந்தது. ரோல் எண்ணைக் கால் டிகிரி மாற்றினான். வலது ஓரம் ஏறிப் பொருந்தியது. திருப்தியாக ஓடிக்கொண்டே இருந்தான். இடது ஓரம் இன்னும் இறங்கியதை யாரும் பார்க்கவில்லை.

என்ன நடந்தது என்று பார்ப்போம். வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. வடக்கே பெரிய ஆறுகள் கொட்டிய நன்னீர் அதோடு இறங்கி வருகிறது. இங்கே பெண்ணையாறும் கெடிலமும் வெள்ளாறும் கொள்ளிடமும் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. ஆக மேலே உப்புக் குறைந்த, சற்றுக் குளிர்ந்த நீர். கீழே உப்பான, வெதுவெதுப்பான நீர். வெப்பம் 1 டிகிரி கூடினால் ஒலிவேகம் நொடிக்கு 2 முதல் 3 மீட்டர் வரை கூடும். உப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினால் சுமார் 1 மீட்டர் கூடும். பாடத்தில் படித்தபடி 'கீழே போகப் போக வேகம் குறையும்' என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்த மாதங்களில் நம் கடல் தலைகீழாக இருக்கும்.

ஒலிவேகம் நொடிக்கு மேலே 1530 மீட்டர், கீழே 1536 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்திலிருந்து 60 டிகிரியில் கிளம்பிய ஓரக் கதிர் கீழே போனதும் 60.4 டிகிரிக்கு வளைகிறது. முகத்துவாரத்து எண்ணை மட்டும் நம்பும் மென்பொருளுக்கு அந்த வளைவு தெரியாது. 25 மீட்டர் ஆழத்தில் ஓரம் தோராயமாக 20 சென்டிமீட்டர் அதிக ஆழமாகவும், நடு 10 சென்டிமீட்டர் குறைவாகவும் வரும். நடுவுக்கும் ஓரத்துக்கும் 30 சென்டிமீட்டர் வித்தியாசம். சர்வதேச நீரியல் அமைப்பான ஐ.எச்.ஓ.வின் எஸ்-44 அளவீட்டுத் தரத்தில் கடுமையான பிரிவான ஸ்பெஷல் ஆர்டருக்கு இந்த ஆழத்தில் அனுமதிக்கப்படும் பிழையே சுமார் 31 சென்டிமீட்டர்தான். கால் டிகிரி ரோல் மாற்றம் இதே ஓரத்தில் 19 சென்டிமீட்டரை நகர்த்தும். அளவுகள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் ஒன்றை வைத்து மற்றொன்றை மூட முடிகிறது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. சமதரையில் ஒரே கோட்டில் போய்த் திரும்பி வாருங்கள். இரண்டு முறையும் அளந்த தரைப் பட்டைகளைத் திரையில் குறுக்காக வெட்டி, இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ரோல் பிழை என்றால் ஒன்று இடப்பக்கம் சாயும், மற்றது வலப்பக்கம் சாயும். இரண்டும் நடுவில் வெட்டிக்கொள்ளும். ஒலிவேகப் பிழை என்றால் இரண்டும் ஒரே மாதிரி வளைந்து ஒன்றின்மேல் ஒன்று படியும். வெட்டிக்கொள்ளாத இரண்டு பட்டைகளை வைத்து ரோலைத் தொடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

அந்த வேலையில் பணம் போனது இதனால்தான்: தப்பான ரோலை அலுவலகத்தில் உட்கார்ந்து திரும்ப எடுத்துவிடலாம். எடுக்காமல் விட்ட எஸ்.வி.பி.யை எங்கே போய்த் தேடுவது? அந்தத் தண்ணீர் அன்றைக்கே நகர்ந்து போய்விட்டது. எல்லாக் கோட்டையும் மறுபடி ஓடினார்கள். அதோடும் முடியவில்லை. திருத்திய ரோல் எண் செட்டிங் கோப்பில் அப்படியே தங்கி, கம்பமும் கழற்றப்படாமல், புதுச்சேரிக்கு வெளியே அடுத்த வேலைக்குப் போனது. இங்கெல்லாம் கண்டத்திட்டு (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல்தரை) குறுகல். கொஞ்சம் வெளியே போனாலே ஆழம் கூடிவிடும். 100 மீட்டர் ஆழத்தில் கால் டிகிரி என்பது ஒவ்வொரு ஓரத்திலும் 75 சென்டிமீட்டர். குறுக்குக் கோடு ஒன்று ஓடிப் பார்த்தபோதுதான் அகப்பட்டது.

சோனார் தலையில் இருக்கும் ஒலிவேக சென்சார் காட்டும் எண்ணும், கடைசி எஸ்.வி.பி.யில் அதே ஆழத்தில் இருக்கும் எண்ணும் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் விலகினால் படகை நிறுத்துங்கள், புதிதாக எஸ்.வி.பி. போடுங்கள். கீழே மட்டும் தண்ணீர் மாறினால் அந்த சென்சாருக்குத் தெரியாது. அதனால் எண் விலகாவிட்டாலும் தண்ணீர் நிறம் மாறினால் போடுங்கள், காற்று திரும்பினால் போடுங்கள், மதிய வெயிலுக்குப் பிறகும் போடுங்கள். அளக்கும் இடத்திலேயே, தரை தொடும்வரை இறக்குங்கள். இருபது நிமிடம் போகிறதே என்று கணக்குப் பார்க்கிறவரிடம் மறுபடி ஓடுவதற்கு ஆகும் டீசல் கணக்கைக் காட்டுங்கள்.

கம்பத்தைக் கழற்றி மாட்டினால்

மறுபடி பேட்ச் டெஸ்ட். 'அதே போல்ட் ஓட்டைதான்' என்பது பதில் ஆகாது.

சத்தத்தை அளக்காமல் வேகத்தை முடிவுசெய்வது

ஆய்வுக் கப்பலான சாகர் நிதி போன்ற பெரிய கப்பல்களில் சோனார் அடிப்பகுதியோடு நிலையாக இருக்கும். கம்பம் ஆடும் கவலை அங்கே இல்லை. கவலை சத்தமும் குமிழியும்தான். ஒலியை அனுப்பாமல், கேட்க மட்டும் விட்டு, இன்ஜின் வேகத்தைப் படிப்படியாக ஏற்றி ஒவ்வொரு படியிலும் இரைச்சலைக் குறியுங்கள். எதிரலையில் ஒரு முறை, பின்னலையில் ஒரு முறை. மற்ற எக்கோ சவுண்டர்களையும் நீரோட்டமானியையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். எந்த வேகத்தில் ஓரக் கதிர்கள் உதிர ஆரம்பிக்கின்றன என்பது அப்போது தெரியும். சிறிய படகிலும் இதைச் செய்யலாம், அரை நாள் கூட ஆகாது.

கொட்டலசு

ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் இந்தச் சிறு கடலுயிரி சோனார் முகப்பில் பிடித்திருந்தால் மரக்கட்டையால் மெதுவாகச் சுரண்டுங்கள். கத்தி கூடாது.

ஒருவரே படித்து ஒருவரே முடிவு சொல்வது

பேட்ச் டெஸ்ட் கோடுகளை இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும், ஒருவர் எண்ணை மற்றவருக்குக் காட்டாமல். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் சராசரி போட்டு நகராதீர்கள். கோட்டை மறுபடி ஓடுங்கள். முடிவான எண்களோடு தேதி, இடம், அன்றைய எஸ்.வி.பி. கோப்பின் பெயர், படித்தவர்கள் யார் என்பதையும் லாக் புத்தகத்தில் பேனாவால் எழுதுங்கள். செட்டிங் கோப்பில் இருக்கும் எண்ணை யாராவது மாற்றினால் அதே பக்கத்தில் காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.