குறியாக்கிய ரெய்டு வட்டில் கோப்பு முறைமை மறுபடி மறுபடி சிதைகிறதா? இவற்றைச் செய்யாதீர்கள்

பல வட்டுகளை ஒன்றாக இணைத்து இயக்கும் ரெய்டில், கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று கணக்கு வைக்கும் கோப்பு முறைமை ஒருமுறை சிதைந்தால் விபத்து என்று விட்டுவிடலாம். மின்சாரம் போயிருக்கும், கேபிள் தளர்ந்திருக்கும். சரிசெய்து சில நாளில் மறுபடி சிதைந்தால் கோளாறு இன்னும் உள்ளேயே இருக்கிறது. அப்போதும் லினக்ஸில் கோப்பு முறைமையைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே (fsck) கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதுதான் பலரும் செய்கிற தவறு. இருப்பதிலேயே பெரிய தவறும் அதுதான்.

அந்தக் கருவி கோப்பு முறைமையின் பேரேட்டில் கணக்கு ஒத்துப்போகிறதா என்று மட்டுமே பார்க்கும். உங்கள் புகைப்படத்துக்குள் இருக்கும் பைட்டுகள் சரியா என்று அதற்குத் தெரியாது. நினைவகமோ கன்ட்ரோலரோ தவறான தரவைக் கொடுக்கும் வேளையில் ஓட்டினால், தவறாகப் படித்ததை நம்பி, வட்டில் நன்றாக இருந்த பதிவையும் அழித்து எழுதிவிடும். முதலில் வட்டுத் தொகுதியை அன்மவுண்ட் செய்யுங்கள், அதாவது பயன்பாட்டிலிருந்து கழற்றுங்கள். கோப்பு முறைமை எக்ஸ்ட்4 வகை என்றால், எதையும் எழுதாமல் படித்து மட்டும் பார்க்கும் 'என்' விருப்பத்தோடு ஓட்டி, வரும் செய்திகளை வேறொரு வட்டில் சேமியுங்கள்.

அடுத்த தவறு, பிழைச் செய்தியில் எந்தப் பெயர் வருகிறதோ அதன் மீதே பழி போடுவது. லினக்ஸில் வழக்கமான அமைப்பில் அடியில் வட்டுகள், அவற்றின் மேல் லினக்ஸின் மென்பொருள் ரெய்டான எம்டி ரெய்டு, அதற்கு மேல் தரவைச் சாவியால் மறைக்கும் லக்ஸ் குறியாக்கம், உச்சியில் எக்ஸ்ட்4 அல்லது எக்ஸ்எஃப்எஸ் இருக்கும். எந்த அடுக்கில் தவறு நடந்தாலும் கூச்சல் உச்சியில்தான் கேட்கும். 2018 இறுதியில் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 4.19 பதிப்பில் தரவு சிதைந்தபோது முதல் சந்தேகம் எக்ஸ்ட்4 மீதுதான் விழுந்தது. அந்த டிசம்பரில் காரணம் பிடிபட்டபோது, கோளாறு அதற்குக் கீழே, வட்டுக்குக் கோரிக்கைகளை அனுப்பும் பிஎல்கே-எம்க்யூ அடுக்கில் இருந்தது. கோப்பு முறைமையை மாற்றிப் பார்த்தவர்களுக்கு அது உதவியிருக்காது.

குறியாக்கத்தைக் குற்றம் சாட்டுவதும் இப்படித்தான். சாவி தவறாக இருந்தால் வட்டு முழுவதும் குப்பையாகத் தெரியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதையாது. உண்மையில் குறியாக்கம் உங்களுக்கு ஒரு சாட்சி. இதை அதிகம் பேர் பயன்படுத்திக்கொள்வதில்லை என்பது எனக்கு வருத்தம். லக்ஸ் இயல்பாகப் பயன்படுத்தும் ஏஇஎஸ்-எக்ஸ்டிஎஸ் முறை தரவை 16 பைட் துண்டுகளாக மறைக்கிறது. மறைத்த தரவில் ஒரே ஒரு பிட் மாறினாலும், திறக்கும்போது அந்த 16 பைட்டும் உருத்தெரியாமல் போய்விடும். மறைப்பதற்கு முன்போ திறந்த பின்போ ஒரு பிட் மாறினால் அந்த ஒரு பிட் மட்டுமே மாறியிருக்கும்.

ஆகவே சிதைந்த கோப்பு ஒன்றையும் அதன் நல்ல காப்புப் பிரதியையும் எடுத்து, 'சிஎம்பி' கட்டளையை 'எல்' விருப்பத்தோடு ஓட்டி ஒப்பிடுங்கள். மாறுபடும் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு வரி வரும். 101 இருக்க வேண்டிய இடத்தில் 105 என்று ஒரே ஒரு வரி வந்தால், எண்கள் எட்டின் அடிமானத்தில் இருப்பதால், அது ஒரு பிட் வித்தியாசம். கோளாறு குறியாக்கத்துக்கு மேலே நடந்திருக்கிறது, நினைவகத்தைச் சந்தேகியுங்கள். பதினாறு வரிகள் அடுத்தடுத்து வந்து எல்லாம் தாறுமாறாக இருந்தால், கோளாறு குறியாக்கத்துக்குக் கீழே. 512 அல்லது 4096 பைட் அளவில் முழுத் துண்டே வேறாக இருந்தால், எழுதியது வட்டுக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது வேறு இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று தேடத் தொடங்கலாம்.

இன்னொரு சோதனையும் எளிது. ஒரு பெரிய கோப்பின் ஷா-256 மதிப்பை, அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணை, எடுங்கள். படித்ததை நினைவகத்தில் வைத்திருக்கும் கர்னலின் கேஷை காலி செய்துவிட்டு மறுபடி எடுங்கள். கேஷை காலி செய்யாவிட்டால் வட்டைத் தொடாமலே பழைய விடை வரும். ஒவ்வொரு முறையும் மதிப்பு மாறினால், படிக்கும் பாதையில் இப்போதும் கோளாறு நடந்துகொண்டிருக்கிறது. ஒரே தவறான மதிப்பு வந்துகொண்டிருந்தால், தவறு வட்டிலேயே பதிந்துவிட்டது.

ரெய்டு இருப்பதால் தரவு பத்திரம் என்று நம்புவதும் ஆபத்து. வட்டு 'படிக்க முடியவில்லை' என்று சொன்னால்தான் ரெய்டு மாற்றுப் பிரதியை நாடும். வட்டு பொய்யான பைட்டைக் கொடுத்தால் அதை அப்படியே மேலே அனுப்பும். எம்டி ரெய்டில், வட்டுகளில் உள்ளவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கும் 'செக்' ஓட்டி, பொருந்தாத இடங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். 'ரிப்பேர்' மட்டும் வேண்டாம். ரெய்டு 5, 6 இரண்டிலும் அது தரவைச் சரியென்று எடுத்துக்கொண்டு, இழந்த தரவை மீட்க உதவும் பாரிட்டி என்ற கூடுதல் தகவலை மாற்றி எழுதும். ரெய்டு 1-இல் ஒரு பிரதியை மற்றதன் மேல் எழுதும். எது நல்லது என்று அதற்குத் தெரியாது. நல்ல பிரதி எதுவாக இருந்தாலும் தடயம் போய்விடும். எஸ்எஸ்டியில், பயன்படாத இடங்களை அதற்கு அறிவிக்கும் ட்ரிம் ஓடிய காலி இடங்கள் பொருந்தாமல் வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வட்டு தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 'தேர்ச்சி' என்று வந்ததும் வட்டை விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லில் பயனில்லை. 5, 197, 198 ஆகிய வரிகள் கெட்டுப்போன, சந்தேகத்துக்குரிய செக்டார்களைக் காட்டும். 199 இணைப்பில் ஏற்பட்ட பிழைகளின் எண்ணிக்கை. கேபிள் மாற்றினாலும் குறையாது, மேலும் ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கர்னல் பதிவில் சாட்டா இணைப்பு 'ரீசெட்' ஆன நேரமும் சிதைவு தெரிந்த நேரமும் ஒத்துப்போனால், கேபிள், பின்பலகை, பவர் சப்ளை என்று வரிசையாகப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

நினைவகச் சோதனையை ஒரு சுற்றோடு நிறுத்தாதீர்கள். இரவு முழுக்க ஓடட்டும். நினைவகத்தை அதிவேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் பயாஸில் அணைத்துவிட்டும் பாருங்கள்.

இத்தனைக்கும் முன்பு செய்ய வேண்டியவை இரண்டு. தானாக ஓடும் காப்புப் பிரதியை நிறுத்துங்கள். இல்லையென்றால் சிதைந்த கோப்புகள் பழைய நல்ல பிரதிகளைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். சாவிகள் இருக்கும் லக்ஸ் தலைப்பகுதியைத் தனியாக நகலெடுத்து வெளியே வையுங்கள். லக்ஸ்2-இல் அது வழக்கமாக 16 மெபிபைட்தான். அது அழிந்து நகலும் இல்லையென்றால், கடவுச்சொல் தெரிந்தும் ஒரு பைட்டைக்கூட மீட்க முடியாது.

கோளாறைக் கண்டுபிடித்து நீக்கிய பிறகு தொகுதியைப் புதிதாக அமைப்பதாக இருந்தால், ஒவ்வொரு வட்டின் மேலும் ரெய்டுக்குக் கீழே டிஎம்-இன்டெக்ரிட்டி அடுக்கைச் சேர்ப்பதை யோசியுங்கள். 2017-இல் வந்த 4.12 கர்னலிலிருந்து இது இருக்கிறது. தவறான தரவு வந்தால் இது அதைப் பிழையாக அறிவிக்கும். உடனே ரெய்டு நல்ல பிரதியிலிருந்து மீட்டுக்கொள்ளும். வழக்கமான ஜர்னல் முறையில் ஒவ்வொரு தரவும் இருமுறை எழுதப்படுவதால் எழுதும் வேகம் கணிசமாகக் குறையும்.