தாத்தாவின் பழைய வயலின்: பழுது பார்க்கலாமா, வேண்டாமா?

பெட்டியைத் திறந்ததும் தந்தியை முறுக்கி, வில்லால் ஒரு இழு இழுத்துப் பார்க்கத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். உள்ளே மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே நிற்கும் சிறு மரக்குச்சியான தாங்குகுச்சி விழுந்திருந்தால், தந்தியின் அழுத்தத்தில் மேல்பலகை அமுங்கி விரிசல் விட்டுவிடும்.

படி 1: டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். மேல்பலகையில் உள்ள எஃப் வடிவத் துளை வழியாக லேபிள் தெரியும். 'ஸ்ட்ராடிவேரியஸ்' என்று இருந்தால் துள்ள வேண்டாம். உலகப் புகழ்பெற்ற இத்தாலிய வயலின் தயாரிப்பாளரான ஸ்ட்ராடிவாரி 1737இல் இறந்துவிட்டார். அவர் பெயர் போட்ட லேபிளை 19, 20ஆம் நூற்றாண்டுப் பட்டறைகள் ஆயிரக்கணக்கான வயலின்களில் ஒட்டின. கூடவே 'மேட் இன் ஜெர்மனி' என்றும் இருந்தால், அது பெரும்பாலும் 1890க்குப் பிறகு ஏற்றுமதிக்காகச் செய்தது.

அப்படியே தாங்குகுச்சியையும் தேடுங்கள். மிக மெல்லிய தந்தியின் பக்கம், தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான பிரிட்ஜின் காலுக்குச் சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். விழுந்து உருண்டாலும் கவலை இல்லை. திரும்ப நிறுத்துவது சின்ன வேலை.

படி 2: விரிசல்கள். முடிவைத் தீர்மானிப்பது இதுதான், நிதானமாகப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி விரல் முட்டியால் மெல்லத் தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மாறி, சலசலவென்று கேட்டால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. இது பெரிய குறையே அல்ல. மரம் பிளப்பதற்கு முன் ஒட்டு விடட்டும் என்றுதான் மேல்பலகையை விலங்குத் தோலிலிருந்து செய்த மென்மையான பசையால் ஒட்டுகிறார்கள். மேல்பலகையில் மரவரியோடு ஓடும் விரிசலையும் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். பின்பலகையில், தாங்குகுச்சி நிற்கும் இடத்தில் விரிசல் என்றால்தான் சிக்கல்: செலவும் அதிகம், வயலினின் மதிப்பும் வெகுவாகக் குறையும். மரத்தூள் கொட்டும் சிறு துளைகள் இருந்தால் பூச்சி அரித்திருக்கலாம்.

படி 3: விளிம்புக் கோடு. ஓரத்தில் ஓடும் கறுப்புக் கோடு மரத்தில் பதித்ததா, பெயின்டில் வரைந்ததா? வரைந்ததென்றால் அநேகமாக மலிவான தயாரிப்பு.

படி 4: அளவு. கழுத்தடியில் நீண்டிருக்கும் சிறு அரைவட்டப் பகுதியை (பொத்தான்) விட்டுவிட்டு, பின்பலகையின் நீளத்தை அளந்து பாருங்கள். சுமார் 35.5 செ.மீ. என்றால் முழு அளவு. நன்றாகக் குறைந்தால் அது குழந்தைகளுக்கானது; பெரியவர் கைக்குச் சரிவராது.

படி 5: கணக்கு. வயலின் பழுதுபார்ப்பவரிடம் காட்டி, வாசிக்க அவசியமான வேலைக்கு எவ்வளவு, அழகுக்கான வேலைக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். முதல் தொகையை, உடனே வாசிக்கும் நிலையில் உள்ள நல்ல பயிற்சி வயலினின் விலையோடு ஒப்பிடுங்கள். அதைத் தாண்டுகிறது, வீட்டில் வாசிக்கவும் ஆள் இல்லை என்றால் அப்படியே பத்திரமாக வைத்திருங்கள். தாத்தாவின் நினைவுக்காகச் செய்கிறீர்களா? தாராளமாகச் செய்யுங்கள், விற்றால் போட்ட காசு திரும்பும் என்று மட்டும் எண்ணாதீர்கள்.

எந்த முடிவானாலும் சூப்பர் குளூ, ஃபர்னிச்சர் பாலிஷ் இரண்டும் வயலின் பக்கமே வரக் கூடாது. முடி உதிர்ந்த வில்லையும் தூக்கி எறியாதீர்கள். சில சமயம் வயலினைவிட வில்லுக்குத்தான் மதிப்பு அதிகம்.