கல்யாணம் நெருங்கும்போது முகத்தில் செய்யக் கூடாதவை

காரைக்குடியில் மணப்பெண் அலங்காரம் என் தொழில். என்னிடம் வேலை பழக வரும் பெண்பிள்ளைகள் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் யோசனைகளைக் கேட்டால், நாங்கள் பழகிய காலத்துக் கூத்தெல்லாம் மறுபடி நடக்கிறது. பருவைக் கிள்ளாதே, மேக்கப்போடு தூங்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம்.

மருந்துக் கடையில் வாங்கும் 'வெளுக்கிற டியூப்'

எனக்கு இன்னும் ஆத்திரம் வருவது இதில்தான். தேவகோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி. நிச்சயம் ஆனதும் சொந்தத்தில் யாரோ ஒரு டியூப் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். சில நாளிலேயே முகம் பளிச். பருவும் அமுங்கிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அவளும் மாதக்கணக்கில் தடவிக்கொண்டே இருந்திருக்கிறாள். திருப்பூட்டு, அதாவது தாலி கட்டும் நாள், நெருங்கும் நேரத்தில் நிறுத்தியிருக்கிறாள். என்னிடம் வந்தபோது கன்னம் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன. மெல்லிய ரத்தக் குழாய்கள் கோடு கோடாகத் தெரிந்தன, தாடை முழுக்கப் பரு. தண்ணீர் பட்டாலே எரிகிறது என்று அழுதாள்.

டியூபைத் திருப்பிப் படித்தேன். மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என்று போட்டிருந்தது. முதலில் இருப்பது ஸ்டீராய்டு. அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி, சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்கும்; அதனால் வெளுத்ததுபோல் தெரியும். தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், சிலருக்கு முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் அமுங்கிக் கிடந்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பும். பயந்துபோய் மறுபடி தடவினால் அடங்கும். அப்புறம் விடவே முடியாது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்றிருந்தாலும் அதே வகைதான். குளோபெட்டசாலுக்கு வீரியம் இன்னும் அதிகம். படர்தாமரைக்கு இவற்றைப் போட்டால் அரிப்பு நிற்கும், படை மட்டும் சத்தமில்லாமல் பரவும்.

தோல் மருத்துவர் அளவு பார்த்துக் கொடுத்தால் இவை நல்ல மருந்துகள்தான். இப்படிப்பட்ட ஸ்டீராய்டு க்ரீம்களுக்கு 2018-இல் மருத்துவர் சீட்டைக் கட்டாயமாக்கினார்கள். ஆனாலும் கேட்டவுடன் எடுத்து நீட்டும் கடைகள் இருக்கின்றன. ஏற்கெனவே பல வாரமாகப் போடுகிறவர்கள் தாமாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். அந்த டியூபையே எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள்.

அந்தப் பெண்ணையும் அங்கேதான் அனுப்பினேன். "ஆச்சி, இந்த முகத்தில் பவுடர்கூட வைக்க மாட்டேன்" என்று அவள் ஆத்தாவிடம் சொன்னதில் அவர்களுக்கு என்மேல் கோபம். இருக்கட்டும்.

எலுமிச்சைச் சாறு

ஆத்தங்குடிக் கல் தரையில் எலுமிச்சைச் சாறு சிந்தினால் கறை விழும் என்று பதறித் துடைக்கிறோம். கன்னத்தில் மட்டும் அரைமணி நேரம் ஊறவிடுகிறோம்! புளிப்பு எரிச்சல் தரும் என்பது ஒரு பக்கம். எலுமிச்சையில், அதுவும் தோலில், இருக்கும் ஒருவகைப் பொருள் வெயில் பட்டால் சருமத்தைப் பொசுக்கும், கொப்புளம்கூட வரும். ஆறிய பிறகு விழும் கருமை மறைய மாதங்கள் ஆகலாம். கரும்புள்ளியைப் போக்கத்தானே தடவினீர்கள்?

வீட்டுக்குள்தானே இருக்கிறேன், சன்ஸ்கிரீன் எதற்கு?

முற்றத்தில் வத்தல் காயப்போடுவது யார்? கருமையைத் தூண்டும் யுவிஏ கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டியும் வரும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுங்கள். பட்டாணி அளவு பத்தாது.

எண்ணெய் வழியும் முகத்துக்கு மாய்ச்சரைசர் வேண்டாம்

வேண்டும். ஜெல்லாக வாங்குங்கள்.

நிறையத் தண்ணீர் குடித்தால் முகம் மின்னும்

தாகத்துக்குக் குடியுங்கள், முகம் மின்னும் என்று குடிக்காதீர்கள்.

கஸ்தூரி மஞ்சள் யாருக்கும் கெடுதல் செய்யாது

மஞ்சளே ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. கடையில் பொடியாக வாங்கினால் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதும் தெரியாது. முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள். கல்யாண வாரத்தில் புதிதாக எதையுமே ஆரம்பிக்காதீர்கள், ஃபேஷியல் உட்பட. எனக்கு அந்த வருமானம் போனாலும் பரவாயில்லை.