படுத்துக் கேட்டது உதவவில்லை, மேளம் தட்டியது உதவியது

காலையில் எழுந்திருக்கவே பிடிக்காது, யாரிடமாவது பேச ஆரம்பித்தால் பாதியில் விட்டுவிடுவேன், மாதக்கணக்கில் இதே நிலைதான். மாத்திரையால் தூக்கம் திரும்பியது, விரக்தி மட்டும் போகவில்லை. ஷாமன் (மேளத் தாளத்தில் மெய்மறந்து ஆவிகளோடு பேசுவதாக நம்பப்படும் பூசாரி) நடத்தும் சடங்கு பற்றிப் படித்துவிட்டு மேள ஒலிப்பதிவை ஹெட்ஃபோனில் போட்டுப் படுத்துப் பார்த்தேன். இருட்டறை, கண்ணில் துணி எல்லாம் செய்தும் கொட்டாவிதான் வந்தது.

அப்புறம் ஒரு குழுவில் சேர்ந்தேன். மைக்கேல் ஹார்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் பரப்பிய ஷாமன் முறை: எல்லோரும் படுத்திருக்க ஒருவர் மட்டும் நொடிக்கு நாலு அடி வீதம் ஏற்ற இறக்கமே இல்லாமல் தட்டுவார், முடிவில் ஏழேழு அடியாக நாலு முறை தட்டி மெய்மறந்த நிலையிலிருந்து திரும்ப அழைப்பார். படுத்திருந்தபோது மனக்கண்ணில் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றேன், சரி என்று அடுத்தவரிடம் போய்விட்டார்கள். (அறிவுரை சொல்லாத இடம் கிடைப்பது அபூர்வம்.)

வேலை செய்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். மேளத்தை என்னிடம் கொடுத்தார்கள். ஈரக்காற்றில் தோல் தொய்ந்து மந்தமாக ஒலித்தது, ஹீட்டர் பக்கத்தில் காட்டியதும் இறுகியது. கை வலித்தாலும் நிறுத்த முடியாது, இத்தனை பேர் அந்தத் தாளத்தை நம்பிப் படுத்திருக்கிறார்களே! அந்தப் பொறுப்புக்காகவே அடுத்த வாரமும் கிளம்பினேன், பேச்சும் மெதுவாகத் திரும்பியது. மாத்திரையை மட்டும் டாக்டர் சொன்ன பிறகே குறைத்தேன்.