பினாங்கு காற்பந்துப் படங்களுக்குப் பெயரும் வருஷமும் கண்டுபிடிப்பது எப்படி

பினாங்கில் எந்த வீட்டு அலமாரியிலிருந்து பழைய காற்பந்துப் படம் வெளியே வந்தாலும் அதை '74' என்றுதான் சொல்வார்கள். காரணம் புரிகிறது. பினாங்கு மாநிலக் குழு கடைசியாக மலேசியக் கிண்ணம் வென்ற 1974-ம் வருஷம் அது. இறுதியாட்டத்தில் பேராக்கை 2-1 என்று தோற்கடித்தோம், அதைப் பார்த்த தலைமுறைக்கு அதற்கு முன்னும் பின்னும் நடந்ததெல்லாம் அந்த ஒரு வருஷத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் 1953, 1954, 1958-லும் கிண்ணம் நம்மிடம் வந்திருக்கிறது, 1982-லும் 1998-லும் 2001-லும் லீக் பட்டம் வென்றிருக்கிறோம். எல்லாப் படத்துக்கும் 74 என்று எழுதிவிட்டால் மற்ற வருஷங்களெல்லாம் நம் கையாலேயே காணாமல் போய்விடும்.

அதனால் வேலையைப் பெயரிலிருந்து தொடங்குங்கள். ஸ்கேன் அடுத்த மாதம் செய்யலாம், நிறத்தைச் சரி செய்வதை அடுத்த வருஷம்கூடப் பார்த்துக்கொள்ளலாம். படத்தில் இருப்பவர் யார் என்று தெரிந்த மாமாவுக்கு எண்பது வயது ஆகிறது. அவரிடம் இந்த வாரமே போக வேண்டும்.

மூலப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். போனில் ஒரு படம் பிடித்து, ஏ4 தாளில் பெரிதாக அச்சடித்து அதைக் கொண்டுபோங்கள். வயதானவர்களுக்குக் கண்ணுக்கும் எளிது, அவர்கள் அந்தத் தாளின் மேலேயே பேனாவால் வட்டம் போட்டுப் பெயர் எழுதலாம், தே தாரே சிந்தினாலும் போவது வெறும் தாள்தான். ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேருக்கு மேல் வேண்டாம். முதலில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் காட்டிவிட்டு அப்புறம் சேர்த்து உட்கார வையுங்கள். ஏனென்றால் குரல் பெரிதாக இருப்பவர் ஒரு வருஷத்தைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள், அப்புறம் அதை யாராலும் மாற்ற முடியாது. பேச்சைப் போனில் பதிவு செய்யலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று சொன்னவர் அநேகமாக யாரும் இல்லை.

"எந்த வருஷம் மாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். யாரோடு போனீங்க, எப்படிப் போனீங்க, அப்போ எங்கே வேலை, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேளுங்கள். தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள பட்டர்வொர்த், பிறை பக்கத்துக்காரர் ஃபெரியில்தான் வந்தோம், வேறு வழியே இல்லை என்று சொன்னால் அது பெரும்பாலும் பினாங்குப் பாலம் திறந்த 1985-க்கு முந்திய ஆட்டம். இந்த மாதிரிக் கேள்விக்கு வருகிற பதிலில் வருஷம் தானாக உள்ளே இருக்கும்.

இன்னொன்று, விளையாட்டாளர்களை மட்டும் பார்க்காதீர்கள், படத்தின் ஓரத்தைப் பாருங்கள். பிறையில் ஒரு மாமாவிடம் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினேன். நடுவில் பந்தை விரட்டும் ஆளை அவருக்குத் தெரியவில்லை. ஆனால் இடது மூலையில், வேலியோரம் தலையில் தட்டைச் சுமந்து நிற்கும் கச்சாங் பூத்தே விற்பவரின் மேல் விரலை வைத்துவிட்டு நகர்த்தவே இல்லை. அவர் பெயர், எந்தச் சந்தில் குடியிருந்தார், பழைய பள்ளி நோட்டுத் தாளைக் கூம்பாகச் சுற்றி அதில் கடலை போட்டுத் தருவார், ஆட்டம் முடியும் நேரத்தில் மிச்சத்தைப் பையன்களுக்குச் சும்மா அள்ளிக் கொடுப்பார் என்று எல்லாம் வந்தது. பக்கத்தில் நிற்கும் சின்னப் பையன் அவர் மகன் என்றும், அவன் பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருஷம் அது என்றும் சொன்னார். தன் மூத்த மகளும் அதே வருஷம்தான் முதல் வகுப்பில் சேர்ந்தாளாம். மகளின் வயதைக் கேட்டுக் கணக்குப் போட்டோம், ஆட்டத்தின் வருஷம் கிடைத்துவிட்டது. அந்த அரங்கத்தில் நம்முடைய ஆட்கள் இருந்த இடம் படத்தின் மூலைகள்தான். அதை வெட்டிவிட்டு நடுவை மட்டும் ஸ்கேன் செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

நினைவைக் கேட்ட பிறகு படத்தையே கேளுங்கள். இடம் எது? டத்தோ கெராமாட் சாலைப் பக்கத்து சிட்டி ஸ்டேடியம் என்றால் அது 74 இறுதியாட்டமாக இருக்கவே முடியாது, அது கோலாலம்பூரில் மெர்டேக்கா அரங்கத்தில் நடந்தது. 'கெராமாட் கர்ஜனை' என்று பேர் வாங்கிய அந்தக் கூட்டத்தின் படம் என்றால் அது நம் சொந்தத் திடல் ஆட்டம், லீக்காகவோ கிண்ணத்தின் முந்தைய சுற்றாகவோ இருக்கலாம். பின்னணியில் ஷா அலாம் அரங்கம் தெரிந்தால் 1994-க்குப் பிறகு, புக்கிட் ஜாலில் என்றால் 1998-க்குப் பிறகு, பத்து காவான் என்றால் 2000 வாக்கில் தொடங்கும். திடலோரம் டன்ஹில் விளம்பரப் பலகைகள் வரிசையாக நின்றால் பெரும்பாலும் 1989-க்குப் பிந்தியது, செமி-புரோ (அரைத் தொழில்முறை) லீக் தொடங்கிய காலம். விளையாட்டாளர்களைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை: எழுபதுகளின் பினாங்கு குழுவில் அலி பக்கார், ஈசா பக்கார் என்று ஒரு சகோதர ஜோடி, நாமாட் அப்துல்லா, சஹாருடின் அப்துல்லா என்று இன்னொரு ஜோடி. மங்கிய படத்தில் அண்ணனைத் தம்பி என்று சொல்லிவிடுவது ரொம்ப எளிது, அதனால் இரண்டு பேராவது ஒரே பெயரைச் சொல்லும்வரை பென்சிலில் கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

தாளும் பேசும். அலை அலையாக வெட்டிய வெள்ளை ஓரம் இருந்தால் அது பழைய கறுப்பு வெள்ளைக் காலம். முழுவதும் சிவப்படித்துப் போன கலர்ப் படம் பெரும்பாலும் எழுபதுகளைச் சேர்ந்தது, அந்தக் காலத் தாளில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் மங்கும். மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி அச்சாகியிருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள், கேமராவில் தேதியைச் சரியாக வைக்காதவர்கள் நிறையப் பேர். பின்பக்கத்து ஸ்டூடியோ முத்திரையையும் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள்.

சரி, ஓரளவு வருஷம் தெரிந்துவிட்டது, உறுதி செய்வது எப்படி? சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பு இணையத்தில் இருக்கிறது. நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்று தேடினால் வரும். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், தமிழ் முரசு இரண்டும் அதில் உண்டு. மலாயாக் கிண்ண காலத்திலிருந்து ஆட்டச் செய்திகள், கோல் அடித்தவர் பெயர்கள் எல்லாம் கிடைக்கும். தேடும்போது ஒன்றை மறக்காதீர்கள்: 1921-ல் தொடங்கிய போட்டிக்கு மலேசியக் கிண்ணம் என்ற பெயர் 1967-ல்தான் வந்தது, அதற்கு முந்திய செய்திகளை 'மலாயா கப்' என்று போட்டுத்தான் தேட வேண்டும். கோலாலம்பூருக்குப் போகிறவர்கள் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தில் பழைய தமிழ் நேசன் நாளிதழைக் கேட்டுப் பார்க்கலாம்.

படத்தைக் கையாளும் விஷயத்தில் சிலவற்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். லேமினேட் செய்யாதீர்கள், தயவுசெய்து. சூடும் பசையும் சேர்ந்து படத்தைப் பிடித்துவிட்டால் திரும்பப் பிரிக்கவே முடியாது. பசைப் பக்க ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைக் கத்தியால் நெம்பாமல், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு மெதுவாக இழுங்கள். வரவில்லை என்றால் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிட்டு விட்டுவிடுங்கள். சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிப்போனதும் அப்படித்தான், கண்ணாடியோடு ஸ்கேன் செய்யலாம். பூஞ்சை பிடித்திருந்தால் ஈரத்துணி கூடாது, காற்றோட்டமான நிழலில் உலர விட்டு, மற்ற படங்களோடு சேராமல் தனியாக வையுங்கள். 4ஆர் (4x6 அங்குல) அளவுப் படத்துக்கு 600 டிபிஐ போதும், அதைவிடச் சின்னதுக்கு 1200. நெகட்டிவ் கிடைத்தால் அதிர்ஷ்டம், பிரிண்டைவிட அதில்தான் விவரம் அதிகம், ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

பெயரைப் படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதக்கூடாது, முன்பக்கம் தழும்பு விழும். பழைய தடித்த தாள் என்றால் மென்மையான பென்சில் பிடிக்கும், வழுவழு தாளில் பிடிக்காது, அதற்கு உறையின்மேல் எழுதிவிட்டு அப்புறம் படத்தை உள்ளே போடுங்கள். வருஷம், எதிர்க்குழு, அரங்கம், படத்தில் இருப்பவர்கள், யார் சொன்னார்கள், யாருடைய படம் என்று இத்தனையும் வேண்டும். 'யார் சொன்னார்கள்' என்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், நாளைக்கு இன்னொருவர் வேறு மாதிரிச் சொல்லும்போது அதுதான் உதவும். பிளாஸ்டிக் வாசனை வீசும் பிவிசி உறைகள் வேண்டாம், சமையலறையையும் வெளிச்சுவரையும் ஒட்டிய அலமாரியும் வேண்டாம், நம்ம ஊர் ஈரத்துக்கு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு அவ்வப்போது மாற்ற வேண்டும்.

படம் கொடுத்தவருக்கு மூலத்தை அதே வாரத்தில் திருப்பிக் கொடுங்கள், கூடவே ஒரு நல்ல பிரிண்டும். வெளியே பகிர்வதற்கு முன் அந்தக் குடும்பத்தைக் கேளுங்கள். கொடுக்கும்போது தோற்ற ஆட்டங்களின் படம் இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள். 1968 இறுதியாட்டத்தில் சிலாங்கூரிடம் 8-1 என்று தோற்றோம், அடுத்த வருஷமும் அவர்களிடமே இறுதியில் தோற்றோம். அந்த இரண்டுக்கும் பினாங்கிலிருந்து ஆட்கள் கிளம்பிப் போயிருக்கிறார்கள், கேமராவும் கொண்டுபோயிருப்பார்கள். கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.