ஓவியர் சொந்தங்களின் வீட்டுக்குப் போகும்போது

தஞ்சாவூரில் பலகைப் படம், அதாவது தஞ்சாவூர் ஓவியம், வரையும் சித்தப்பாவும், கண்ணாடி ஓவியமும் பொம்மை அலங்காரமுமாக இருக்கும் சித்தியும் எனக்கு வாய்த்திருக்கிறார்கள். உங்கள் சொந்தத்திலும் ஒரு சிற்பியோ வீணை செய்கிறவரோ பொம்மை செய்கிறவரோ இருந்தால், அந்த வீட்டுக்கு ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புகிற மாதிரி போகாதீர்கள். ஒரு இரவாவது தங்குங்கள். வேலை நடக்கும் வீட்டில் பகல் முழுக்க அவர்கள் கை ஓடிக்கொண்டிருக்கும், உட்கார்ந்து பேச்சு கொடுப்பதெல்லாம் வெளிச்சம் போன பிறகுதான், அந்தப் பேச்சுக்காகத்தான் நாம் போகிறோம்.

எப்போது போவது என்பதை அவர்களிடமே கேளுங்கள், ஆனால் "எப்ப வேணா வா" என்றுதான் பதில் வரும், அதை நம்பிவிடக் கூடாது. நவராத்திரிக்கு முந்தைய மாதம் எங்கள் சித்தி வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது, ஆர்டர் எல்லாம் அந்த நேரத்தில்தான் குவியும். கூடவே உட்கார்ந்து வேலை செய்யத் தயார் என்றால் அப்போது போங்கள், இல்லையென்றால் வேண்டாம். ஐப்பசி சதய விழாவுக்குப் பெரிய கோயில் பக்கமும், ஜனவரியில் தியாகராஜ ஆராதனைக்குத் திருவையாறு பக்கமும் கூட்டம் நெரியும். எனக்குப் பிடித்தது மழைக்காலம். படத்தில் மேடு எழுப்ப வைக்கும் மக்கு என்ற பசை ஈரக் காற்றில் சீக்கிரம் காயாது, அதனால் சித்தப்பாவின் வேலை தானாகவே மெதுவாகிவிடும், பேச நேரம் கிடைக்கும். சென்னையில் இரவு உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் தஞ்சாவூர்.

என்ன வாங்கிப் போவது? இனிப்புப் பெட்டி எல்லோரும்தான் கொண்டுவருவார்கள். பழைய பருத்தி வேட்டி ஒன்று, நைந்து மெத்தென்று ஆனது, அதை எடுத்துப் போங்கள், தூரிகை துடைக்கவும் படம் சுற்றி வைக்கவும் அதற்கு ஈடு கிடையாது. கிழிந்துபோன பட்டுப் புடவையின் ஜரிகைக் கரை, அறுந்த பாசிமணி மாலை, ஜோடி தொலைந்த கம்மல், இதையெல்லாம் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள், பொம்மைக்கு அலங்காரம் செய்கிறவர்களுக்கு அது புதையல். சித்தி அந்த டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பி, இது ஆண்டாளுக்கு, இது செட்டியார் பொம்மைக்கு என்று அப்போதே பிரித்துவிடுவார். தூரிகை வாங்குவதானால் எந்த நம்பர் என்று கேட்டு வாங்குங்கள். கண் வரைய ஒரு நம்பர், புடவை மடிப்புக்கு இன்னொரு நம்பர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம் இருக்கும், நாமாக ஆசைப்பட்டு வாங்கியது அலமாரியில்தான் கிடக்கும்.

உள்ளே நுழைந்ததும் முதுகில் மாட்டும் பையைத் திண்ணையிலோ வாசல் அறையிலோ கழற்றி வைத்துவிடுங்கள். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் இந்த மாதிரி வீடுகளில் நடைவழியே அலமாரிதான், பக்கவாட்டில் திரும்பினால் பையின் மூலை போய் இடிப்பது ஒரு கண்ணாடிப் படமாக இருக்கும். அப்புறம் உடனே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கக் கிளம்பாதீர்கள். முதலில் கூடத்தில் உட்காருங்கள், சுவரைப் பாருங்கள். மேல் வரிசையில் நவநீத கிருஷ்ணன், அதற்குக் கீழே ராமர் பட்டாபிஷேகம், மாடத்தில் நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, டிரங்குப் பெட்டியின் மேல் பண்ருட்டி மண் பொம்மைகள், மூலையில் துணி போட்டு மூடிய வீணை. எது எங்கே இருக்கிறது என்பதற்கு அந்த வீட்டில் ஒரு காரணம் இருக்கும். கேட்டால் சொல்வார்கள், கேட்கிறவர்கள் கிடைத்தால் அவர்களுக்குச் சந்தோஷம்.

எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று குழந்தைகளோடு போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தலையாட்டி பொம்மையைத் தாராளமாகக் கொடுக்கலாம், அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருப்பதால் எப்படித் தள்ளினாலும் எழுந்து நின்றுவிடும், குழந்தை விளையாடத்தான் அதைச் செய்தார்கள். நடன பொம்மை அப்படி இல்லை. காகிதக் கூழில் செய்த மெல்லிய பாகங்கள், தலையும் உடம்பும் தனித்தனியாகக் கம்பி முனையில் உட்கார்ந்து ஆடும், ஒரு பிடி அழுத்திப் பிடித்தால் போச்சு. மரப்பாச்சியைக் கொடுக்கலாம், ஆனால் கல்யாணத்துக்கு வந்த ஜோடியா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். வீணைத் தந்தியை மீட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தந்திக்கு அடியில் குறுக்காக இருக்கும் அதன் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் பதித்தவை, கண்டபடி அழுத்தினாலும் வெயிலில் வைத்தாலும் சுருதி கெட்டுவிடும், அதனால் அதை வாசிக்கிறவர் கையால் எடுத்துக் கொடுத்தால் மட்டும் தொடுங்கள்.

இனி வேலை செய்யும் இடம். அங்கே எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். பலகையில் துணி ஒட்டி, அதன் மேல் சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்து பூசித் தேய்த்து வழவழப்பாக்கி, படத்தை வரைந்து, கல் பதித்து, மக்கு வைத்து மேடாக்கி, தங்க ரேக்கு என்ற மெல்லிய தங்கத் தகடு ஒட்டி, அப்புறம்தான் வண்ணம். மக்கு வைக்கும்போது நீங்கள் பேசலாம், கதை கேட்கலாம், காபி கொண்டுவந்து வைக்கலாம், அந்த நேரத்தில் சித்தப்பாவே நிறையப் பேசுவார், தன் குரு எப்படிக் கோலத்துக்கு மாவு இழுக்கிற மாதிரி மக்கை இழுப்பார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது அப்படித்தான். ரேக்கு ஒட்டும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார். வேர்க்கும். கையால் விசிறிக்கொள்ளவும் கூடாது, ரேக்கு மூச்சுக் காற்றுக்கே அசையும். முகத்தையும் கண்ணையும் கடைசியில்தான் எழுதுவார்கள், அந்த நேரத்தில் அறைக்குள் நடக்கவே நடக்காதீர்கள், கதவோரமாக நின்று பார்க்கலாம் என்று அவர் சொன்னால் மட்டும் நில்லுங்கள்.

சித்தியின் கண்ணாடி ஓவியத்தில் இது தலைகீழ். கண்ணாடிக்குப் பின்பக்கம் வரைவதால் கண், மூக்குத்தி, நகையின் மெல்லிய கோடு எல்லாம் முதலில் வரும், அப்புறம் உடம்பின் நிறம், பின்னணி எல்லாவற்றுக்கும் கடைசி. ஒரே வீட்டில் ஒருவர் கண்ணில் முடிக்க, இன்னொருவர் கண்ணில் தொடங்குவதைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். கும்பகோணம் கடப்பாவும் இட்லியும் அடுப்படியில் ஆறிக்கொண்டிருக்கும், இவர்கள் இருவருக்கும் சாப்பிடத் தோன்றாது. அந்தப் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சூடு பண்ணி, தட்டு வைத்து, கை கழுவ வாங்க என்று கூப்பிடுவது விருந்தாளி செய்யக்கூடிய பெரிய உதவி.

தூசி தட்டிக் கொடுக்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈரத் துணி கூடவே கூடாது. படத்தின் மரச் சட்டத்தைக் காய்ந்த துணியாலும், சந்துகளை மெல்லிய தூரிகையாலும் துடைக்கலாம். கண்ணாடி போடாத படத்தின் மேல் சந்தனம் குங்குமம் வைக்காதீர்கள், பூவைச் செருகாதீர்கள், ஈரம் சுண்ணாம்புப் பூச்சுக்குள் இறங்கிவிட்டால் அது உப்பிக்கொண்டு வரும். பழைய வெண்கலத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக் காட்டலாம் என்ற ஆசை நல்லதுதான், ஆனாலும் கேட்காமல் செய்ய வேண்டாம், விளக்குக்குச் சரி, வயதான விக்கிரகத்துக்கு அந்தக் கறுப்புதான் பாதுகாப்பு.

போட்டோ எடுக்கலாமா என்று கேளுங்கள். முடிந்த படம் என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள். பாதியில் இருப்பதையும், வேறொருவருக்காகச் செய்து வைத்திருப்பதையும் எங்கேயும் போடாதீர்கள். பிளாஷை அணைத்துவிடுங்கள், தங்கத்திலும் கண்ணாடியிலும் பட்டால் வெள்ளைப் புள்ளி மட்டும்தான் விழும். ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்சம் பக்கவாட்டில் நின்று எடுத்தால் மக்கின் மேடு பள்ளம் நன்றாகத் தெரியும்.

இதைவிட முக்கியமான வேலை போனில் இன்னொன்று இருக்கிறது. ராத்திரி சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்காரும்போது ஒரு பொருளை எடுத்து நடுவில் வையுங்கள், இது யாரிடமிருந்து வந்தது, யார் செய்தது, எப்போது உடைந்தது, யார் ஒட்டினார்கள் என்று கேளுங்கள், ஒலிப்பதிவை ஓட விடுங்கள், அனுமதி வாங்கிக்கொண்டுதான். சித்தப்பா ஒன்று சொல்வார், சித்தி இல்லை என்பார், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். பொருளின் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டாமல், ஒரு காகிதத் துண்டில் எழுதி நூலால் கட்டுங்கள், அதே எண்ணைப் போட்டோவுக்கும் கொடுங்கள். நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கதை தெரிந்த கடைசி ஆள் போன பிறகு, நல்ல வீடுகளிலேயே குத்துவிளக்கும், உலோகச் சித்திரம் பதித்த கலைத்தட்டும் பாத்திரக் கடையில் எடைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதைப் போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை, அது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் அவர்களுக்கு ஓய்வு இருந்தால் அரண்மனைக் கலைக்கூடத்துக்கு ஒன்றாகப் போங்கள், சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகமும் அங்கேயே இருக்கிறது. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி சேர்த்துவைத்த புத்தகங்களும் படங்களும் அங்கே நிறைய. ஓவியரோடு போனால் அவர் எந்தப் படத்தின் முன்னால் நிற்கிறாரோ அங்கேயே நீங்களும் நில்லுங்கள், எல்லா அறையையும் முடிக்க வேண்டும் என்ற கணக்கு வேண்டாம்.

பணம் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கும். "எனக்கு ஒரு படம் பண்ணிக் கொடுங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டு விலை கேட்காமல் இருந்தால் அவராக வாயைத் திறக்க மாட்டார், தங்கத்துக்குக் கையிலிருந்து போடுவார். 15க்கு 12 அங்குலப் படத்துக்கே ரேக்கு, கல், பலகை என்று கணிசமாகச் செலவாகும், தங்கம் விலை ஏறினால் அதுவும் ஏறும். முன்பணத்தை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து சித்தியிடம் கொடுத்துவிடுங்கள், சொந்தத்தில் அதுதான் சுலபமான வழி. இணையத்தில் இதே படம் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று மட்டும் சொல்லாதீர்கள், போலி ரேக்கு சில வருடங்களில் கறுத்துவிடும், அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்கள் தாத்தா காலத்துப் படத்தைக் கேட்பதுண்டு. 100 வருடத்துக்கு மேல் பழமையான ஓவியத்தையும் சிற்பத்தையும் நாட்டை விட்டுக் கொண்டுபோக 1972ஆம் வருடச் சட்டம் விடாது. புதிய படமாகவே இருந்தாலும் பார்க்கப் பழையதாகத் தெரிந்தால் விமான நிலையத்தில் நிறுத்திக் கேட்பார்கள், அது தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கிளம்புவது நல்லது. பழையது அந்தச் சுவரிலேயே இருக்கட்டும், புதிதாக ஒன்று செய்யச் சொல்லுங்கள்.

எடுத்துக்கொண்டு வரும்போது படத்தின் முகத்தில் நேராகப் பிளாஸ்டிக் படக் கூடாது. முதலில் அந்தப் பருத்தி வேட்டித் துண்டு, அதன் மேல் அட்டை, அப்புறம் குமிழ் உறை. ரயிலில் சீட்டுக்கு அடியில் தள்ளாமல் பக்கவாட்டில் நிற்க வைத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குளியலறைச் சுவரிலோ நேர் வெயிலிலோ மாட்ட வேண்டாம், சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் காற்று போக இரண்டு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டுங்கள். மாட்டியதும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், உயரம் சரியா, வெளிச்சம் சரியா என்று பார்த்துச் சொல்வார்கள், அந்தப் போனிலேயே அடுத்து எப்போது வருகிறீர்கள் என்பதையும் பேசி வைத்துவிடுங்கள், அதற்கேற்ப அவர்கள் ஆர்டரைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.